ரஞ்சிதத்தின் வீங்கிய இதயமும் புதுச்சேரியில் போட்ட ஊசியும்

எண்பத்தெட்டாம் வருஷம் மாசியில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனோம். கடற்கரை பார்க்க இல்லை. என் தம்பி சிவலிங்கத்தின் பெண்டாட்டி ரஞ்சிதத்துக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லி, அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "உனக்கு வாய்தான் பெரிசுன்னு நெனச்சேன்டி" என்றேன். நாத்தனார் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் அவள் பயந்திருப்பாள்.

காலை ஆறேகால் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு நாலரை ரூபாய். முன்பக்கமாக உட்காருங்கள், கடைசி சீட்டில் நல்ல இதயமே தொண்டைக்கு வந்துவிடும். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "திரும்பி வரப்போ பாட்டில் கீட்டில் கொண்டாந்துடாதீங்க" என்று சிவலிங்கத்திடம் சொன்னார். ஆம்பளை என்றால் அந்த ஊருக்கு வேறு எதற்குப் போவான் என்று அவருக்கு நினைப்பு. ரஞ்சிதம் முறைத்தாள்.

காரணம் இருக்கிறது. என் தம்பி ஒரு காலத்தில் வாரம் தவறாமல் அந்தப் பஸ்ஸில் போய்க் குடித்துவிட்டு வந்தவன். தீமிதித் திருவிழாவில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். இருவரும் எந்தப் போதையும் தொடக் கூடாது. ஒருவர் மீறினால் மற்றவருக்கும் சத்தியம் கழன்றுவிடும். அவளும் புகையிலையை விட்டாள். ஒன்பது வருஷமாக அதில்தான் அந்தக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷா ஆறு ரூபாய். பத்து மணிக்கு ஈ.சி.ஜி. எடுக்க மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். வீட்டில் மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தபடியேதான் தூங்குகிறாள் என்பதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு. படுத்த ஐந்தாவது நிமிஷம் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்துவிட்டது. தூக்கி உட்கார வைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து, ஒரு ஊசி போட்டார்கள். அடுத்த ஊசியை எடுத்தபோது அது என்ன என்று ரஞ்சிதம் திணறிக்கொண்டே கேட்டாள். நர்ஸம்மா பொய் சொல்லத் தெரியாதவர்: மார்ஃபின், அபினிலிருந்து எடுப்பது என்றார்.

ரஞ்சிதம் கையை இழுத்துக்கொண்டாள். சத்தியத்தை நான்தான் டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயசுக்காரர். சிரிக்கவில்லை.

"அம்மா, உங்க இதயமே அந்த அபின் ஜாதிச் சரக்கைக் கொஞ்சம் உண்டாக்குது. அது போய் உட்கார இதயத்துச் சதையில பூட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. வீங்கின இதயத்துல அந்தப் பூட்டு என்ன பண்ணுதுன்னு இப்பதான் ஆராய்ச்சி பண்றாங்க. இந்த ஊசி போதைக்கு இல்ல, திணறல் அடங்க."

எனக்குப் புரிந்த மட்டில் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் புரிகிற மாதிரி நான் சொன்னேன்: "கேட்டியாடி? பொறந்த நாள்லேர்ந்து உள்ளயே காய்ச்சிக்கினு இருக்க. எந்தப் போலீசும் புடிக்கல. கைய நீட்டு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சிவலிங்கத்தைப் பார்த்தாள். "நீங்க?"

"நான் தொட மாட்டேன், ரஞ்சிதம். போட்டுக்க."

கையை நீட்டினாள். அரை மணியில் மூச்சு தணிந்து, சாய்ந்தபடி கண் சொக்கியது. டீ வாங்கி வர ஃப்ளாஸ்கோடு தம்பியை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: அந்தத் தெருவில் டீக்கடை ஒன்று, சாராயக்கடை மூன்று. பத்து நிமிஷ வேலை. முக்கால் மணி ஆயிற்று. ரஞ்சிதம் தூக்கத்தை விரட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கும் கேலி வரவில்லை.

வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. அவள் விரலை மடக்கிக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஊதுங்க."

ஊதினான். காலையில் மூச்சுக்குத் தவித்தவள் மூக்கை நீட்டி நிதானமாக இழுத்துப் பார்த்தாள்.

"வெங்காய போண்டா" என்றாள். "எனக்கு?"

அந்தக் கடைகளைத் தாண்டப் பயந்துகொண்டு, ஊரைச் சுற்றிக் கடற்கரைப் பக்கம் போய் டீ வாங்கினானாம். போண்டா அங்கே கிடைத்ததுதான்.

அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்; நாங்கள் பக்கத்தில் சாரம் என்கிற பேட்டையில் ஒரு அறை எடுத்தோம், நாளுக்குப் பதினைந்து ரூபாய். ஐந்தாம் நாள் ஊர் திரும்பினோம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், மாத்திரை தினமும் உண்டு.

இதே மாதிரிப் போகிறவர்களுக்கு: பழைய எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எட்டு மணிக்குள் சீட்டுப் போடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஊசிக்குப் பயமா, சாமிக்குப் பயமா, அதையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாங்கள் அந்தச் சத்தியத்தைச் சொன்னதால்தான், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, போண்டா கதையை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்கிறாய் என்று என்னோடு சண்டை போட ரஞ்சிதத்துக்கு மூச்சு இருக்கிறது.