குலைநோய் தொடாத செடி

வண்டலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் முனைவர் பட்டத்துக்காக நெற்பயிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் அவன் இருந்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவன். கேளம்பாக்கத்தைத் தாண்டி, கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து பைக்கில் வருவான். அப்பாவும் அண்ணனும் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். அம்மா மீன் விற்பவர். நானோ இரும்புலியூர்க்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள், நாங்கள் போகும் சர்ச் சபையிலும் பாதிப் பேர் வாத்தியார்கள். நான் எத்தனை வருடம் படித்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவனிடம் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டார்கள்.

நாங்கள் இருவரும் குலைநோயைத்தான் ஆராய்ந்தோம். நெல்லைத் தாக்கும் பூஞ்சை அது. அதன் வித்து இலைமேல் வந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி, ஆணி அடிப்பதுபோல் இலையைத் துளைத்துவிடும். பயிர் சும்மா இருப்பதில்லை. பூஞ்சையின் தோலிலிருந்து உதிரும் துணுக்குகளைத் தொட்டு அறிவதற்கென்றே செல்லின் வெளிப்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. தொட்டதும் அவை எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கையை அடக்குவதற்குப் பூஞ்சை தன் புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். அப்படி நுழைவதை அடையாளம் காண உள்ளே வேறு காவல் புரதங்கள் உண்டு. அவை கண்டுகொண்டால் அந்தச் செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். உயிருள்ள செல் கிடைக்காமல் பூஞ்சை அங்கேயே பட்டினியில் சாகும். இலையில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி ஒன்று மிஞ்சும். எதிர்ப்புச் சக்தி என்று நாங்கள் பெருமையாகச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்தத் தற்கொலைதான்.

அவன் விதைகளுக்கு மருந்து வைத்து, மரபணுக்களில் தாறுமாறாக மாற்றங்களை உண்டாக்கி, முளைத்த ஆயிரக்கணக்கான நாற்றுகளின் மேல் பூஞ்சை வித்துகளைத் தெளித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தான். மூன்றாவது வருடம் ஒரு நாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

செத்த செல்களை நீலமாகக் காட்டும் சாயத்தில் ஊறிய இலை அது. பூஞ்சை நுழைய முயன்ற இடங்கள் தெரிந்தன. நீலம் எங்குமே இல்லை.

"சாயம் சரியா ஏறலையோ?" என்றேன்.

"நாலு வாட்டி பண்ட்டேன்கா. பூஞ்சை உள்ள வந்துகீது, அப்படியே நின்னுகீது. ஒரு செல்லுகூட சாவல."

சாகாமல் எதிர்க்கும் செடி. அப்படி ஒன்று இருக்க முடியும் என்று படித்திருந்தோம். எங்கள் மேசையில் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. எங்கள் வழிகாட்டி சார் அதிகம் பேசாதவர். அன்று அவனுக்குத் தன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தச் செடி சரியாக மணி பிடிக்கவில்லை. கிடைத்த கொஞ்ச விதையையும் விதைத்து, வலைக்கூண்டில் அடுத்த தலைமுறையை வளர்த்தான். தாய்ச் செடி பட்டுப்போவதற்கு முன்பே அதன் இலைகளை, பூஞ்சை தெளித்த சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டி, திரவ நைட்ரஜனில் போட்டு, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்தான். எந்த மரபணு எப்போது விழித்தது என்பது அந்த இலைகளின் ஆர்என்ஏவில் இருந்தது. அதாவது, அந்த நேரத்தில் செல் தனக்கே எழுதிக்கொண்ட உத்தரவுகளின் நகல். இளகினால் நிமிடங்களில் சிதைந்துபோகும் பொருள். பிரித்தெடுப்பதற்கான மருந்துப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குக் காத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது.

புயலுக்கு முந்தைய மாலை எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவன் போகவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட ஆள் வேண்டும் என்றான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவனுக்குப் போன் வந்தது. அவன் அண்ணன்.

"காத்து அடிக்கிறதுக்குள்ள படகை மேல ஏத்தணும், வாடா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"அப்பாவும் நீயும் பக்கத்து வூட்டு ஆளுங்களை வெச்சு ஏத்திடுங்கண்ணா. எனக்கு இங்க முக்கியமான வேலை கீது" என்றான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ரயில் ஓடவில்லை. இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நடந்தேன். விழுந்த மரங்களைச் சுற்றி, முழங்கால் தண்ணீரில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனவர்களோடு சேர்ந்து நடந்தேன். கல்லூரிக்குள் நுழைந்ததும் வலைக்கூண்டு இருந்த இடத்தைப் பார்த்தேன். கம்பிகள் மடங்கிக் கிடந்தன. தொட்டிகள் மொத்தமும் பழுப்புத் தண்ணீருக்குள் போயிருந்தன. அடுத்த தலைமுறை என்று ஒன்று இனி கிடையாது.

அவன் ஃப்ரீசருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை காயவில்லை.

"ஜெனரேட்டர்ல தண்ணி பூந்துடுச்சுக்கா. கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

ஃப்ரீசரின் கதவுக்கு மேல் சிவப்பு எண் மைனஸ் நாற்பத்தொன்று காட்டியது. பேட்டரியில் அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பதானது. நைட்ரஜன் கேனைச் சாய்த்துப் பார்த்தேன். காலி. கொண்டுவரும் கம்பெனிக்குப் போன் போகவில்லை. போனாலும் லாரி வராது.

"எங்க பக்கத்துல ஐஸ் இருக்கும்" என்று எழுந்தான். "ஒரு வாரமா யாரும் கடலுக்குப் போவல. ஐஸ் கம்பெனில அப்படியே அடுக்கி வெச்சிருப்பான். கல்லுப்பைப் போட்டு சுத்திக் கட்டினா மைனஸ் இருபது வரைக்கும் நிக்கும்."

"மைனஸ் இருபது போதுமா?"

"இளகாம இருந்தா போதும்கா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவனுடைய பைக் கேளம்பாக்கம் ரோட்டில் போனது. நான் ஃப்ரீசரைத் திறக்காமல், கிடைத்த தெர்மோகோலையும் பழைய போர்வைகளையும் அதன்மேல் சுற்றினேன். சார் பெருங்களத்தூரிலிருந்து தண்ணீரில் வந்து சேர்ந்தார். குளிர் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மதியம் போனது. மைனஸ் பதினைந்து. பத்து. மைனஸ் ஐந்தில் பேட்டரியும் தீர்ந்து எண் அணைந்தது. அதன் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

சாயங்காலம் ஒரு ஷேர் ஆட்டோ உள்ளே வந்தது. பின்சீட்டு முழுக்கச் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டிகள், ஒரு மூட்டை உப்பு. டிரைவர் மட்டும் இறங்கினார்.

"மேடம், இத உங்காண்ட குடுக்கச் சொன்னாரு. ரோடு பூரா மரம், சுத்திகினு வரவே இவ்ளோ நேரம் ஆயிடுச்சு."

"அவர் எங்கே?"

"அவரு நைனாவுக்கு அடி மேடம். நேத்து படகை இழுத்துகினு இருக்கசொல்ல அலை தூக்கிப் போட்டுச்சாம். படகு அப்படியே மேல வுழுந்துடுச்சு. ராவெல்லாம் ரோடு இல்லாம வூட்லயே வெச்சிருந்திருக்காங்க. இவரு வந்த அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. போவசொல்லகூட ஐஸை ஏத்திட்டுத்தான் போனாரு."

சாரும் நானும் ஐஸை உடைத்து உப்பு கலந்து பெட்டிகளில் நிரப்பினோம். கை மரத்துப்போயிற்று. ஃப்ரீசரைத் திறந்தபோது உட்சுவரிலிருந்து பனி தண்ணீராக வழிந்தது. இலைகள் இருந்த குழாய்களை எடுத்தேன். உறைந்திருந்தால் உலுக்கும்போது மணி போல் ஒலிக்கும். ஒலிக்கவில்லை. சார் என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஐஸுக்குள் புதைத்தோம்.

அவனுடைய அப்பா அதே வாரம் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். சாவுக்குப் போனேன். மணலில் போட்டிருந்த பந்தலுக்கு அப்பால், நடுவில் பிளந்த படகு கவிழ்ந்து கிடந்தது. அவன் அம்மா என் கையைப் பிடித்து, "நீதான் கூடப் படிக்கிற பொண்ணா? ஐஸு வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அதுவாச்சும் ஒதவுச்சே" என்றார். நான் தலையாட்டினேன்.

காரியம் முடிந்து அவன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது மருந்துப் பெட்டியும் வந்திருந்தது. வேண்டாம், நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இலைகளை அரைத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டினான். நன்றாக இருந்தால் இரண்டு பளிச்சென்ற கோடுகள் தெரியும். புற ஊதா விளக்கைப் போட்டோம். ஒரு குழாய் பாக்கியில்லாமல், மேலிருந்து கீழ்வரை புகை இழுத்ததுபோல் மங்கலாக இருந்தது. எல்லாம் துண்டு துண்டாகியிருந்தது.

"டிஎன்ஏ நல்லாத்தான் இருக்கும்" என்றார் சார். "அதை வெச்சு..."

"அதுல எத்தனையோ ஆயிரம் மாற்றம் இருக்கும் சார்" என்றான். "எது காரணம்னு சொல்ல அதோட புள்ளைங்க வேணும். ஒண்ணுகூட இல்லையே."

திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், உதவித்தொகையை நீட்டிக்க நான் எழுதுகிறேன் என்றார் சார். அவன் விளக்கை அணைத்தான், ஜெல்லைக் குப்பையில் போட்டான், மேசையைத் துடைத்தான். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை.

போன வருடம் தாம்பரம் ஸ்டேஷனில், செங்கல்பட்டு வண்டிக்கு நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தேன். மாத்திரை கம்பெனி ஒன்றில் தரம் சோதிக்கும் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. அண்ணன் கடலை விட்டுவிட்டு ஏதோ அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறாராம்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா கீறாங்க. அன்னிக்கு அப்பாவைப் போவ விட்டுட்டியேன்னு அண்ணனைத்தான் இன்னிக்கும் திட்டும். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லக்கா. எதுத்தாப்புல உக்காந்து சோறு போடும், ஒண்ணும் கேக்காது." வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். "ஒரு நாள் கேட்டுட்டா தேவலாம்."

டீ வாங்கட்டுமா என்றேன். வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டான்.

அவன் விதைகளுக்கு வைத்த அதே மருந்து, அதே அளவு, அதே நெல் ரகம். நான் அவனுக்காக மறுபடி விதைத்துப் பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை. என் பட்டம் முடிந்த பிறகும் இரண்டு பருவம் செய்தேன். நாற்றுகள் வரிசை வரிசையாக வந்தன. தினமும் காலையில் லென்ஸோடு குனிந்து பார்ப்பேன். சில நோயில் அழுகின. சில தம் செல்களைக் கொன்றுகொண்டு தப்பித்தன. புள்ளி இல்லாத இலை ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.