பாய்லர் ரூம் வாக்கி டாக்கி

நல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் எலக்ட்ரீசியனாக இருந்தேன். செல்போன் ஒவ்வொருவர் கையாக வந்துகொண்டிருந்த காலம். பாய்லர் ரூமும் சாயம் ஓடும் தளமும் பேசிக்கொள்ள முதலாளி இரண்டு வாக்கி டாக்கி வாங்கி வைத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

பாய்லர்காரர் மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த தென்காசிக்காரர் ஒருநாள் பாய்லர் ரூம் செட்டை என் மேஜையில் வைத்தார்.

"நான் பேசுறப்ப பின்னாடி யாரோ மூச்சு வாங்குற மாரி கேக்குதாம்லா சார். தளத்துல எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் கேக்கல. இனி இதத் தொட மாட்டேன்."

பேய்க்கு பேட்டரி மாற்றும் வேலை எனக்கில்லை என்று சிரித்தேன். எப்படியோ கெஞ்சி, பாய்லர் ரூமுக்குப் போய் அழுத்தச் சொன்னேன். பேச வேண்டாம் என்றேன். தளத்து செட்டை என் காதில் வைத்தேன். கரகரவென்று ஓர் இழுப்பு. நின்றது. மறுபடி இழுப்பு. செத்துப்போனவரோடு தினமும் டீ குடித்தவன் நான். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அன்று மாலையே இறந்தவரின் மனைவி வந்தார். பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

"ஏனுங்ணா, அவரு மூச்சு அதுல கேக்குதுன்னு பேசிக்கறாங்க. செத்தும் மூச்சுக்குத் தவிக்கறாரோன்னு சோறு எறங்க மாட்டேங்குதுங்க. பாத்துச் சொல்லுங்க."

தளத்து செட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, நானே பாய்லர் ரூமுக்குப் போய் அழுத்தினேன். திரும்பி வந்தபோது நின்ற இடத்தைவிட்டு அவர் அசையவில்லை.

"அவருதானுங்க" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வேறு வேலையைத் தொடவில்லை. பேட்டரியை மாற்றினேன், ஏரியலை மாற்றினேன். மோட்டார் இரைச்சல் கலக்கிறதோ என்று ரோட்டைத் தாண்டிக் காலி மனையில் நின்று அழுத்தினேன். "கேக்குதுங்க" என்றார்கள் தளத்தில். தளத்து செட்டில் பேசினால் சுத்தமாக இருந்தது. இந்த ஒன்றில்தான், அதுவும் அழுத்தும்போது மட்டும்தான் கோளாறு. நான் மூச்சை அடக்கினால் இழுப்பும் நின்றது என்றார்கள், விட்டால் தொடர்ந்ததாம். உச்சி வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

கழற்றிப் பார்த்தேன். மைக் ஓட்டையில் மஞ்சளாகக் காய்ந்து அடைத்திருந்தது சந்தனம். ஆயுத பூஜையன்று எங்கள் பக்கம் பாய்லரிலிருந்து கத்தரிக்கோல் வரை பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். செத்துப்போன மனிதர் வாக்கி டாக்கியையும் விடவில்லை; பேசுகிற வாயிலேயே அப்பியிருக்கிறார். பன்னீரில் குழைத்த சந்தனம் உள்ளே இறங்கி மைக் ஒயரின் பற்றவைப்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. பிடித்திருக்கும் கை லேசாக அசைந்தாலே அது ஒட்டும், விடும், கரகரக்கும். மூச்சு விடுகிறவன் கை அசையாமல் இருக்குமா? அந்தப் பெண் "அவருதானுங்க" என்று சொன்னது என் மூச்சைத்தான்.

ஸ்பிரிட்டால் துடைத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். மாலையில் அவர் வந்ததும், "வெறும் சந்தனந்தான் அம்மணி. அவரு தவிக்கவெல்லாம் இல்லீங்க" என்றேன். கேட்டது யார் மூச்சு என்பதை மட்டும் சொல்லவில்லை. பழையபடி தளத்து செட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாய்லர் ரூமிலிருந்து வெகுநேரம் அழுத்திப் பிடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி எனக்கு. பொத்தானை விட்டதும் அவர் குரல் வந்தது.

"அழுத்துனீங்களாண்ணா?"

"அழுத்தினேன் அம்மணி."

"இன்னொருக்கா அழுத்துங்க."

அழுத்தினேன். விட்டேன். போய்விட்டாரோ என்று நினைத்தபோது செட் உயிர்பெற்றது.

"அப்ப இன்னிக்குத்தானுங்க அவரு போனது" என்றார்.