இசோகோ மைக்கைப் பிடித்த சாயங்காலம்

ரயில் எட்டிக்கூடப் பார்க்காத மலைச்சாலை அது. ஆனாலும் குரோமோரிப் பள்ளத்தாக்கில் வண்டிகள் நின்று இளைப்பாறும் இடத்துக்கு நிலையம் என்று பேர் வைத்தாயிற்று, அதை நடத்துகிற ஒனோதெராவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பட்டமும் கொடுத்தாயிற்று. விடிந்ததும் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் குட்டி லாரிகளில் வந்து முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, ஊறுகாய், சீமைப்பனிச்சம்பழம் என்று தட்டுகளை நிரப்புவார்கள். ஒவ்வொரு பையிலும் கொண்டுவந்தவர் பேரை ஒட்டியே ஆகவேண்டும். சாயங்காலம் மிஞ்சியதை அவரவரே வந்து திருப்பி எடுத்துப் போகவேண்டும்.

அந்த எடுத்துப் போகிற நேரம் இருக்கிறதே, அது பொல்லாதது. யார் சரக்கு விற்றது, யார் சரக்கு தேங்கியது என்று ஊரே பார்க்கும். இசோகோ மட்டும் அந்த நேரத்துக்கு வரவே மாட்டாள். அவள் காளானில் ஒன்றாவது மிஞ்சினால்தானே!

அறுபத்தாறு வயது. குள்ளம். வாயோ, அப்பாடா, உலைமூடி மாதிரி சும்மா இருக்காது. கல்யாணமாகி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அவளுக்குப் பேர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தாத்சுஜி பெண்டாட்டி, தாத்சுஜி வீட்டு மருமகள், அவ்வளவுதான். நிலையம் திறந்து, பையில் பேரை ஒட்டச் சொன்ன பிறகுதான் அவள் இசோகோ ஆனாள். டவுனிலிருந்து வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் "இசோகோ காளான் வந்தாச்சா?" என்று கேட்பதை, அவள் வெங்காயம் அடுக்குகிற சாக்கில் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏன் இருக்கக்கூடாது?

காட்டில் விழுந்து கிடக்கும் பட்டமரத்தில் இலையுதிர்காலத்தில் தோலுரிச்சான் காளான் வரும். சோயா விழுது கரைத்து வைக்கிற மிசோ குழம்பில் போட்டால் வழுவழுவென்று தொண்டையில் இறங்கும். அதே மரத்தில், அதே நிறத்தில், பக்கத்திலேயே நிலாக் காளானும் வரும். அது இருட்டில் மினுங்கும், தின்றவனைக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுக்க வைக்கும். காம்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே கறுப்புக் கறை இருக்கும். அதனால் இசோகோ ஒன்றுவிடாமல் கட்டைவிரல் நகத்தால் பிளந்து பார்த்துத்தான் பையில் போடுவாள்.

மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, பிச்சுப்போட்டா டவுன்காரங்க கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறாங்க. முழுசா கொண்டாங்களேன், பார்க்க லட்சணமா இருக்கும்."

"பார்க்கவா வாங்குறாங்க? திங்கத்தானே வாங்குறாங்க!" என்று அவள் ஒவ்வொரு தடவையும் அவர் வாயை அடைத்து அனுப்புவாள்.

ஆனால் அன்றைக்குக் காலையில் மழை. கை விறைத்துப்போய் விரலே மடங்கவில்லை. தெரிந்த மரம்தானே, மாஸ்டரும் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே என்று நாலு பைகளைப் பிளக்காமல் முழுசாகக் கட்டிவிட்டாள். பத்து மணிக்குள் நாலும் போய்விட்டன.

மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டுக்கென்று வைத்திருந்த ஒரு பிடிக் காளானைக் குழம்புக்கு எடுத்தவள், பழக்கதோஷத்தில் ஒன்றைப் பிளந்தாள். உள்ளே கறுப்பு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் தாத்சுஜி.

அவள் காளானைக் காட்டினாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைக் கொல்றதுக்கு நாப்பது வருஷமாச்சா உனக்கு?" என்று சிரித்தார்.

"வாயை மூடுங்க. இதே மரத்துக் காளான் நாலு பை வித்தாச்சு." அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. லாரிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

நிலையத்தில் கல்லாவில் உட்காரும் பெண் சிசுருவுக்கு ஒரு பை போன இடம் ஞாபகமிருந்தது. கோயில் வீட்டு ஃபுமியே. போன் போட்டதும் அந்தம்மாள், "மாவு பிசைஞ்சு, கிழங்கு சீவி, எல்லாம் தயார் பண்ணப்புறமா சொல்றே?" என்று ஒரு பாட்டம் வைதுவிட்டுப் பையைத் தனியே எடுத்துவைத்தாள். இன்னொரு பை வாங்கிய டவுன் தம்பதி நல்லவேளையாக மலையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இரண்டு. அவை விற்ற நேரத்தில் டூரிஸ்ட் பஸ் வந்துவிட்டதால் சிசுரு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவம், அவள் அழுதேவிட்டாள்.

பக்கத்துக் கட்டடம் ஊர் ஆபீஸ். இசோகோ அங்கே ஓடினாள். அங்கிருக்கிற மைக்கில் பேசினால் தெருவுக்குத் தெரு நிற்கிற ஒலிபெருக்கிக் கம்பங்களில் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். மாஸ்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார்: "இன்று நிலையத்தில் விற்கப்பட்ட ஒரு விளைபொருளின் தரத்தில் ஐயம் உள்ளது. வாங்கியவர்கள் தொடர்புகொள்ளவும்."

"விளைபொருள்னா என்ன? முள்ளங்கியா, பூசணிக்காயா?"

"அக்கா, விவரமா சொன்னா நிலையத்து மானம் போயிடும். உங்க பேரும்தான் போகும். அப்புறம் உங்க கையால ஒரு வெங்காயம்கூட இந்த ஊர்ல விக்காது. யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். யோசிக்காமல் இல்லை. அந்தப் பேர் அவளுக்குச் சும்மா வந்ததா? ஒவ்வொரு இலையுதிர்காலமும் முட்டி தேயத் தேயக் காட்டில் ஏறிச் சம்பாதித்தது. வெளியே வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது, வீடுகளில் அடுப்பு மூட்டுகிற நேரம். அவள் எட்டி மைக்கைப் பிடித்தாள்.

"நான் இசோகோ பேசுறேன். தாத்சுஜி வீட்டு இசோகோ. இன்னைக்கு நான் வித்த தோலுரிச்சான்ல நிலாக் காளான் கலந்திருக்கு. நான்தான் பிளந்து பார்க்காம கட்டிட்டேன், வேற யாரு தப்பும் இல்ல. தின்னாதீங்க. அடுப்புல இருந்தா இறக்கிடுங்க. என்னைத் திட்டுறதை நாளைக்கு வந்து திட்டுங்க, இப்ப முதல்ல இறக்குங்க!"

மூச்சு வாங்க இன்னொரு தடவையும் சொன்னாள். அந்தக் குரலில் என்ன நடுக்கம், என்ன அதட்டல்! என்ன பெண்பிள்ளை அவள்!

மூன்றாவது பையை ஒரு மரலாரி டிரைவர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து வணங்கிப் போனார். நாலாவது வரவில்லை. இசோகோ நிலையத்து வாசலிலேயே நின்றாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தார்.

ஒரு வெள்ளைக் கார் வேகமாக உள்ளே திரும்பியது. இறங்கினவள் மாஸ்டரின் மனைவி நோரியே. பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய ஒரு பானை.

"நீ எப்ப இங்க வந்து வாங்கினே?" என்றார் மாஸ்டர்.

"பஸ் கூட்டத்துல நீங்க எங்க என்னைப் பார்த்தீங்க? அத்தைக்கு இந்தக் காளான்னா உசுரு. சின்னச் சின்னதா முழுசா இருந்துச்சு, ஆசையா வாங்கிட்டுப் போனேன்."

இசோகோ பானை மூடியைத் திறந்து, குழம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிளந்தாள். முதலாவது வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில் கறை. மாஸ்டரின் அம்மாவுக்கு வயது தொண்ணூறு ஆகப்போகிறது. வாந்தியைத் தாங்குகிற உடம்பா அது?

"அத்தை கிண்ணத்தை நீட்டியாச்சு, நான் கரண்டியும் போட்டாச்சு," என்றாள் நோரியே. "அந்தக் கம்பத்து ஸ்பீக்கர் தினமும் எதையாவது கத்திக்கிட்டுத்தான் இருக்கு, யாரு காதுல வாங்குறா? வேற என்ன சொல்லிருந்தாலும் ஊத்திக் குடுத்திருப்பேன். இசோகோன்னு கேட்டதும்தான் கை நின்னுச்சு."

மாஸ்டர் ஒனோதெரா மழை ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"எழுந்திருங்க மாஸ்டர்," என்றாள் இசோகோ. "தப்புப் பண்ணினவ நான்."

அவர் எழுந்திருக்கவில்லை.