பிளேட்டு மாற்றிய பேட்டரி

போன மாதம் என் காருக்குப் பேட்டரி மாற்ற வேண்டி வந்தது. இருபது வயதைத் தாண்டிய சின்ன வெள்ளைக் கார். ஓய்வு பெற்றபின் அதை நான் ஓட்டுவதைவிடத் துடைப்பதுதான் அதிகம். மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் "யாருக்காவது குடுத்துடுப்பா" என்பான். நான் தலையாட்டுவேன். அவன் பஸ் ஏறியதும் மறுபடி துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அன்று காலை மலையிலிருந்து ஒரு போன்.

"சார், நான் பொன்னி பேசறேன். சடையன் பொண்ணு. அப்பா தவறிட்டாரு சார். நாளைக்குக் கருமாதி. உங்களுக்குச் சொல்லிடுன்னு அம்மா சொன்னாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே 'டக்'. மூன்றாவது, நான்காவது தடவையும் திருப்பினேன். ஒரு பேட்டரி தீர்ந்துபோனதற்கு இப்படிப் பதறும் ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"பஸ்ஸுலயே போயிட்டு வந்துடுங்களேன், வெள்ளிமலைக்குத்தான் இப்ப எத்தினியோ பஸ்ஸு ஓடுதே" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு. ஆனாலும் சடையன் வீட்டுக்குக் காரில்தான் போக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் போகும் சாலையில் உள்ள கடைக்குப் போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அந்தக் கடையை நடத்துகிறாள். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு செல்லு செத்துடுச்சி சார். எத்தினி நாளைக்கு ஒரு தபா வண்டி எடுப்பீங்க?"

"பத்து நாளைக்கு ஒரு தடவை. சில மாதம் அதுகூட இல்லை."

"சும்மா நிக்கிற வண்டிக்குத்தான் சார் சீக்கிரம் போவும். ஓடிக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது."

என் வயதுக்காரனிடம் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று கேட்டாள். பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் என்றேன். அவள் அதை நேராக வைத்து, "வலது பக்கம் சார். மாத்தி வாங்கினுபோனா ஒயரு எட்டாது" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இடது வலது சொல்லிக்கொடுத்தவன் நான். பெரிய பேட்டரியாகவே கொடு என்றேன். அது என் காரின் தட்டில் உட்காராது என்றாள். மலை ஏற வேண்டும் என்றேன். ஏற்றத்துக்கு இழுப்பது எஞ்சின்தான், பேட்டரி கிளப்பிவிட்டால் போதும் என்று பொறுமையாகச் சொன்னாள். மேல்பக்கம் குத்தியிருந்த தேதியைக் காட்டி, கடையில் மாதக்கணக்கில் கிடந்ததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றும் சொன்னாள். பிறகு மூலையில் தரையோடு கிடந்த ஒன்றைக் காலால் சுட்டினாள்.

"கம்மில வேணும்னா இது இருக்கு. பழசுலயே உள்ள பிளேட்டு மாத்தினது. ஊருக்குள்ள ஓட்டிக்க ஆவும்."

அந்த மூலையிலிருந்து ஆசிட் வாடை வந்தது. இரும்புத்துருவை எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போட்டது மாதிரி மூக்கின் உள்ளே போய்க் கரிக்கும் வாடை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கள்ளக்குறிச்சியில் வேறொரு கடையில், இதே வாடைக்கு நடுவில், இதே கேள்விக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மலைமேல் ஒரு சிற்றூரில் வாத்தியார். ஒரே அறையில் பள்ளிக்கூடம், அதற்கு எதிரே மைதானம், மைதானத்தைத் தாண்டினால் சாமைக் கொல்லைகள். பஸ் வரும் சாலைக்கு மூன்று மைல் மண்பாதை. அந்த மண்பாதைக்கு ஒரு கார் வாங்கினேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னசேலத்தில் ஒரு மண்டிக்காரர் வீட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த கறுப்புக் கார். அதன் வயது என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பக்க ஓட்டையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் கிளம்பும் என்றார்கள். ஹேண்டில் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னால் கேட்டபோது அவர்களுக்கும் தெரியவில்லை.

பேட்டரி மட்டும் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு வந்து ஒரு பாய் கடைக்குப் போனேன். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதியது. இன்னொன்று, பழைய பெட்டிக்குள் பிளேட்டு மாற்றியது.

"மலையில ஓட்டற வண்டின்றீங்க. புதுசு எடுத்துக்கங்க சார். அங்க நின்னுட்டா தள்ளக்கூட ஆள் கெடைக்காது" என்றார்.

நான் பிளேட்டு மாற்றியதைக் காட்டினேன். மிச்சம் பிடித்த பணத்தில் பக்கத்துக் கடையில் காருக்கு ஒரு டேப் வாங்கிப் பொருத்திக்கொண்டேன். மலைமேல் பாட்டுப் பாடும் கார் வைத்திருக்கும் ஒரே வாத்தியார் நான்தான் என்ற நினைப்பு. பாய் பேட்டரியைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

சாயங்காலங்களில் காரை மைதானத்தில் நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவேன். வேலை முடிந்து ஆட்கள் வந்து புல்லில் உட்காருவார்கள். சடையனும் வருவான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். சொந்தத்தில் கொஞ்சம் சாமைக் கொல்லை, மற்ற நாளில் கடுக்காய் பொறுக்கப் போவான். அதிகம் பேசமாட்டான். பாட்டு முடிந்ததும் மட்டும், "சார், அத இன்னொரு தபா போடுங்க" என்பான். அவன் மனைவி செல்லிக்கு அது தலைப்பிரசவம், நிறைமாதம்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். ஒரு சாயங்காலம் மழை ஓய்ந்திருந்தது. நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். சடையன் கேட்டான் என்று ஒரு பாட்டை மூன்று தடவை போட்டேன். மறுநாள் காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரம், அவன் ஓடிவந்தான்.

"சார், செல்லிக்கு ராவுலேர்ந்து வலி. கொழந்த தல மாறிக் கெடக்குதாம். பெரியாஸ்பத்திரிக்கு இட்டும்போவணும்."

காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டக்'.

ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். மைதானம் சேறாகிக் கிடந்தது. கியரில் போட்டதும் சக்கரம் சுழலாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். மறுபடி தள்ளினார்கள். மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியிருப்போம். செல்லியைக் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை. வண்டி போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஊர்க்கவுண்டர் தலைத்துண்டை அவிழ்த்துக் கீழே போட்டார். "போதும் சார், வுடுங்க. பொழுது போவுது" என்றார்.

மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கினார்கள். "நீங்க முன்னால போங்க, நான் வண்டியக் கிளப்பிக்கிட்டு வந்துடறேன்" என்றேன். கிளம்பாது என்று எனக்குத் தெரியும். அவர்களோடு நடக்க எனக்குத் தைரியம் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே நின்றேன்.

குழந்தை பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. அழவில்லை. செல்லியை ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் துணிமணி எடுக்க மேலே வந்த சடையன், பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றான். என்ன சொல்வானோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பழைய வண்டி சார். நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றான்.

"ஆமா சடையா. பழைய வண்டி" என்றேன்.

அடுத்த வாரமே பாய் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கினேன். டேப்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அன்றிலிருந்து காரைச் சரிவில், கீழ்நோக்கித்தான் நிறுத்தினேன். மழைக்காலத்தில் விடிந்ததும் ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன். ஒன்பது வருஷம் அந்த ஊரில் இருந்தேன். பாம்பு கடித்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், வலி கண்டவர்கள் என்று எத்தனையோ பேரை அந்தக் கறுப்புக் கார் இறக்கிக்கொண்டு போயிருக்கிறது. ஊரார் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு என்னை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் செல்லிக்கு மறுபடி வலி எடுத்தது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "சார், வண்டி எடுக்குமா?" என்றாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எடுத்தது. அன்று பிறந்தவள்தான் எனக்குப் போன் செய்த பொன்னி.

அதற்கும் அப்புறம், சடையன் மலைக்கு வரும் ஜீப் ஒன்றில் கிளீனராகப் போனான். ஒருநாள் காலை ஜீப் பழுதாகி நின்ற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தான். கையெல்லாம் கிரீஸ். அதைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "சார், பாட்டு கேட்டா பேட்ரி எறங்குமா?" என்றான்.

கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். "இறங்கும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனான். அதன்பிறகு அவனும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு மணலூர்பேட்டைப் பக்கம் மாறுதல் வந்தது. காரை விற்றேன். பொன்னி கல்யாணத்துக்கு ஒருமுறை போனதோடு சரி.

கடைப்பெண்ணிடம் புதியதையே எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடியற்காலை கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

ஊர் வரைக்கும் தார்ச்சாலை. கருமாதி முடிந்து பந்தல் காலியான பிறகு செல்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. சடையனின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், சாதாரணமாகச் சொன்னாள்:

"அந்தப் புள்ளய நெனச்சிக்கினே கெடந்தாரு சார். நாந்தான் இன்னொரு தபா பாட்டு போட சொன்னேன், நாந்தான் பேட்ரிய தீத்தேன்னு. எத்தினி வருசமா. நான் சொன்னா கேக்கமாட்டாரு. சாரையே கேட்டுட்டேன், எறங்கும்னு சொல்லிட்டாருன்னுவாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று அவன் என்னைக் குற்றம்சாட்ட வரவில்லை.

செல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் எடுத்து வைத்த இரண்டு பேட்டரிகளை, நான் கைகாட்டியதை, மிச்சத்தில் வாங்கிய டேப்பை. நல்ல பேட்டரியாக இருந்திருந்தால் மூன்று பாட்டுக்குத் தீர்ந்திருக்காது என்பதை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நான் அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

"இத அவுருகிட்ட சொல்லி இருக்கலாமே சார்" என்றாள்.

கிளம்பும்போது, குழந்தையை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். நான்தான் கூட நடக்கவில்லையே. அவள் எழுந்து முன்னால் நடந்தாள். பழைய காட்டுப் பாதை தார்ச்சாலையாகிவிட்டிருந்தது. ஒரு வளைவு வரை வந்து நின்றாள். அங்கே மரவள்ளி ஏற்றிய டெம்போ ஒன்று எங்களை ஒதுக்கிக்கொண்டு இறங்கிப் போனது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இங்கதான் எங்கியோ. ஒரு நாவ மரம் இருந்துச்சி, ரோடு போடறப்ப எடுத்துட்டாங்க. எனக்கு நெனவு இல்லாத கெடந்தப்ப அவுருதான் வெச்சாரு" என்றாள். "அவுருக்குத்தான் சார் எடம் தெரியும்."