இதயமும் தசைதான்

போன மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒருக்கா ஓடி வாங்கோ. பிள்ளை கிணத்தடியிலை விழுந்திட்டாள்."

அவருடைய மகள் யாழினிக்குப் பதினெட்டு வயது. உயர்தர வகுப்பில் படிக்கிறாள். தூக்கியபோதுதான் திடுக்கிட்டேன் — பாரமே இல்லை. கிளிநொச்சி வெயிலில் அவள் கை குளிர்ந்து கிடந்தது.

எப்படி இந்த நிலைக்கு வந்தாள்? தொடக்கம் வெள்ளிக்கிழமை விரதம். பிறகு செவ்வாயும். பிறகு தேங்காய்ப்பால் வேண்டாம், சோறு வேண்டாம்... பக்தியான பிள்ளை என்று அயலே மெச்சியது.

வான் பிடித்து வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். வழியில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் காத்து நின்றபோது தவமணி அக்கா மெதுவாகச் சொன்னார்:

"சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து திரியேக்கை இவளுக்குக் குடுக்க ஒண்டுமில்லாமல் அழுதனான். இப்ப பானை நிறையச் சோறு இருக்கு. தின்னமாட்டன் எண்டுறாள். நான் என்ன செய்ய?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளுடைய நாடியை நெடுநேரம் பிடித்திருந்தார். கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டார். யாழினி தலை குனிந்தாள். ஒரு வருடமாக இல்லையாம். தாய்க்கே தெரியாது. தலைமயிர் கொத்தாகக் கொட்டியிருந்தது. முதுகிலோ மெல்லிய பூனைமயிர் — உடம்பு குளிருக்குத் தானே போர்த்துக்கொண்டது.

"வெறும் மெலிவு எண்டு நினைக்காதேங்கோ அம்மா. இது வருத்தம், பெரிய நோய்," என்றார் டொக்டர். "சாப்பாடு போகாட்டில் உடம்பு தன்ரை தசையைத்தான் தின்னும். இதயமும் தசைதான். பிள்ளையின்ரை இதயம் களைச்சுப்போச்சு. எலும்பும் பலமிழந்துபோச்சு."

மறுநாள் தவமணி அக்கா உறவினர் வீட்டில் சமைத்த சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். தாதி தடுத்துவிட்டார். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகள் குழம்பி உயிரே போகலாமாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தாய் அந்தப் பாத்திரத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பசிக்கிறேல்லையோ பிள்ளை?" யாழினியிடம் கேட்டேன்.

"பசிக்கும் அன்ரி. பசிக்கப் பசிக்க, நான் பசியை வெண்டிட்டன் எண்டு இருக்கும். பிறகு... நிப்பாட்டத் தெரியேல்லை."

பிழைத்துவிட்டாள். இதயம் தேறிவருகிறது. எலும்பு பழையபடி வருமா? டொக்டர் உறுதி சொல்லவில்லை. மனநல வைத்தியரிடமும் தொடர்ந்து காட்டவேண்டும்.

போன கிழமை அவளைக் கூட்டிவந்தோம். பஸ்ஸில் முன் கதிரையிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். "என்ன மெல்லிசு! எப்பிடி எண்டு எனக்கும் சொல்லித்தாங்கோவன் தங்கச்சி."

"சாகப் பாத்தவள்," என்றார் தவமணி அக்கா.

தாய் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை மகளிடம் நீட்டினார். யாழினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாங்கி, ஓரத்தைக் கடித்தாள். ஓமந்தை வருவதற்குள் முழுவதையும் தின்றுவிட்டாள்.

அரைப் பிஸ்கட் தின்ன எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அன்றுதான் கண்டேன்.