பூவராகன் மாமாவின் அரியர்

என் அக்கா புருஷன் பூவராகன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே வீட்டு மிக்சியைக் கழற்றினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கிரைண்டர், பிறகு தையல் மிஷின். திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்குரூ மிச்சமாகும். அது தேவையில்லாத ஸ்குரூ என்பார். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திய அன்று அக்கா ஜோதிலட்சுமி அவரைத் தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கச் சேர்த்துவிட்டாள்.

"மூளைக்கு வேல குடுங்க. கைக்குக் குடுக்காதீங்க."

மாமா படித்தார். எல்லாப் பேப்பரும் பாஸ், ஐரோப்பிய வரலாறு மட்டும் அரியர். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும் அதே. அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாமாவின் அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யார் வீட்டுப் பையன் என்று கேட்டவர். அவருக்குச் சோறு ஊட்டியவள் அக்காதான்.

"இவுருக்கும் ஆரம்பிச்சிடுச்சிடா" என்று என்னிடம் அழுதாள். "என்னயும் மறந்துடுவாரு. நீ கூடப் போய்ப் பாரு."

அடுத்த பரீட்சைக்கு இரண்டு பேரும் சிதம்பரம் போனோம். வெளியே விடுகிற முதல் நிமிஷத்திலேயே மாமா பரீட்சை ஹாலிலிருந்து வந்துவிட்டார். நேராக ஓட்டலுக்குப் போய் இட்லியும் கொத்சும் சொன்னார். கொத்சு இன்னொரு முறை வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில், "கேள்வி கஷ்டமா மாமா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. மாமா பிரெஞ்சுப் புரட்சியை ஆரம்பித்துவிட்டார். பி.முட்லூரில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. புதுச்சத்திரத்தில் அரசன் தலை போனது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நெப்போலியன் முடிசூட்டிக்கொண்டார். ஒரு தேதிகூடத் தவறவில்லை. பின் சீட்டுக்காரர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

"இதெல்லாம் எழுதுனீங்களா?"

"பரீட்சை நம்பர மட்டும் எழுதிட்டு வந்துட்டேன்."

"ஏன் மாமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதுவும் பாஸாயிட்டா அப்புறம் என்னா மச்சான் பண்றது?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "உங்களுக்கு மறதி வந்துடுச்சின்னு அங்க அக்கா தெனம் அழுவுது" என்றேன். கடலூரில் இறங்கியதும் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே அக்காவிடம் ஒப்புக்கொண்டார். அக்கா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அடுத்த பரீட்சையில் மாமா கடைசி மணி அடிக்கும்வரை எழுதினார். மார்க் எண்பத்தொன்று. அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் சமையலறைக்கு வந்தபோது மிக்சி துண்டு துண்டாகச் செய்தித்தாளின் மேல் கிடந்தது. பக்கத்தில் மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். கழற்றி முடித்துவிட்டார், மாட்ட மனசில்லை. அக்கா புடவை மாற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். மத்தியானம் எம்.ஏ. விண்ணப்பத்தோடு வந்து அதை அவர் மடியில் வைத்தாள்.

"இதுலயும் ஒரு பேப்பர விட்டு வைங்க" என்றாள். "ஆனா என்கிட்ட சொல்லிட்டு விடுங்க."