கவிழ்நாட்டை விட்டு றிஸ்வான் போகவில்லை

செய்தி பேக்கரி வாசலில், பாண் வரிசையில் வந்தது. மூதூருக்கு ஆளேற்றும் லாஞ்சிப் படகில் டிக்கட் கிழிக்கும் நானா என் தோளைப் பிடித்து, "தம்பி, உன்ட கூட்டாளி றிஸ்வான் மௌத்தாப் போயிட்டானாம். கொழும்பு ஆஸ்பத்திரியில, நெஞ்சில ஒப்பரேசனாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். தான் செத்துவிட்டதாக இந்தப் புளுகை அவனே சொல்லி அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். நானாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

என்னோடு படிக்கிற உங்களுக்கெல்லாம் வகுப்பில் அவன் வாய் திறக்காத நல்ல பிள்ளை. கடைசி வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஒரு நாட்டையே ஆண்டது உங்களுக்குத் தெரியாது. அதன் பெயர் கவிழ்நாடு. நமது துறைமுகத்தின் அடியில், கவிழ்ந்த கப்பல்களுக்குள் சனங்கள் தலைகீழாக வாழும் நாடு. நான் ராசா. சடங்குகளுக்கு அவன் பொறுப்பு. "சடங்குக்கு நீ சரிவரமாட்டாய் மச்சான், நடுவில சிரிச்சுப்போடுவாய்" என்பான்.

கவிழ்நாட்டுப் பாஷையில் மீனுக்குச் சிலுப்பன் என்று பெயர் வைத்தோம். பேசிப் பேசித் தேய்ந்து அது லுப்பனாகி, பள்ளித் தவணை முடியுமுன்னே உப்பனாயிற்று. வாத்தியார்களுக்கான சொல்லைக் கிழமைக்குக் கிழமை நானே மாற்றினேன். மாற்றாவிட்டால் முதுகு தேய்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் றிஸ்வான் தலையாட்டுவான். சடங்குச் சொல்லில் மட்டும் கைவைக்க விடமாட்டான்.

இங்கே சின்னம்மா முறையான சாச்சி வீட்டில் தங்கிப் படித்தவன் வெள்ளி தோறும் தன் ஊரான மூதூருக்கு லாஞ்சி ஏறுவான். கயிறு அவிழ்ந்ததும் "சிலுப்பன் நெளிகா?" என்று அவன் கத்த வேண்டும். "நெளிகா தூரி!" என்று படகுத்துறை ஜெற்றியில் நின்று நான் பதில் கொடுக்க வேண்டும். தூரி என்றால் என்னவென்று இருவருக்குமே மறந்து போயிருந்தது. ஒருமுறை வேண்டுமென்றே வேறு எதையோ கத்தினேன். திங்கட்கிழமை சண்டைக்கு வந்துவிட்டான்.

"சந்தையில சிலுப்பன் செத்து நாறிப்போச்சு. நீ இன்னும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்றேன்.

"இஞ்சின் சத்தத்தில நீ கத்துறது எனக்குக் கேக்காது மச்சான். வாய் அசையிறதத்தான் பாக்கிறன். நீ மாத்தினா, பதில் சொன்னியா கொட்டாவி விட்டியா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதன்பின் நான் மாற்றவேயில்லை. சட்டமும் அவன்தான் போட்டான்: சடங்கு செய்யாமல் புறப்பட்டவன் போனவனாகான், அவன் திரும்பும்வரை அவன் இடத்தில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது.

கடைசி வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு ஜெற்றிக்கு வராத. நான் ஊருக்குப் போகல்ல, சாச்சி வீட்டில வேலை இரிக்கி" என்றான். ஊரையெல்லாம் ஏய்க்கிற நான் அதை அப்படியே நம்பினேன். அன்றைக்கே அவன் வாப்பாவோடு கொழும்பு ரயில் ஏறிவிட்டான்.

மூதூருக்குப் போய் அவனுடைய உம்மாவிடம், "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மட்டும் சொல்ல வேணாமெண்டு அவன்தான் சத்தியம் வாங்கினவன், மகன். சொல்லிட்டுப் போனா போனதாப் போயிடுமாம். என்ன கதையோ, எனக்கு விளங்கல்ல."

எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் ஆறவில்லை. இருவருக்குமாகப் போட்ட சட்டத்தை எனக்குத் தெரியாமல் என் தலையிலேயே கட்டிவிட்டான். போகவில்லை என்று தனக்கு ஒரு ஓட்டை வைத்துக்கொண்டான். அவனை வழியனுப்ப எனக்கு ஒரு வழியும் வைக்கவில்லை. கையசைத்திருப்பேனே, பாவி.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஜெற்றிப் பதில் மட்டும்தான். அவன் கேட்காமல் நான் அதைச் சொல்ல ஏலாது. தேயவும் விடமாட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையனைக் கணக்கு வாத்தியார் கடைசி வாங்குக்கு அனுப்பியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நான் எழுந்து, "அதில ஆள் இருக்கு, சேர்" என்றேன். வழக்கமான சேட்டை என்று நினைத்து நீங்கள் சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை, றிஸ்வான்.